எல்லையோரக் குடும்பத்துக்கு எந்த ஆஸ்பத்திரி சொந்த ஆஸ்பத்திரி?

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் தமிழ் பேசும் நம் ஊர்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறது?" என்பதுதான். மேற்கே போனால் பாலக்காடு. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர். பஸ்ஸில் எதுவும் அதிக தூரமில்லை. இரண்டு மாநிலங்களின் அரசு ஆஸ்பத்திரிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதிதான். இந்தியாவில் பொதுச் சுகாதாரத்தில் முன்னால் நிற்கும் இரண்டு மாநிலங்கள் இவை. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13. நாட்டின் சராசரி 28.

இரண்டும் நல்லவை என்பதாலேயே நாம் எதையும் முழுதாகப் பற்றிக்கொள்வதில்லை. காய்ச்சலுக்கு ஓர் இடம், சுகருக்கு ஓர் இடம், கண்ணுக்கு ஓர் இடம், யாரோ சொன்னார்கள் என்று முழங்கால் வலிக்கு இன்னோர் இடம். எந்த ஆஸ்பத்திரி பெரியது, எங்கே கூட்டம் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எந்த இடத்தில் நம் உடம்பின் கணக்கு ஒன்றாகச் சேர்ந்து இருக்கும் என்று பார்ப்பதில்லை. பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்குதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். அதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஊரிலுள்ள குடும்ப ஆரோக்கிய மையத்தில் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் வாங்கிக்கொண்டிருந்தார். மகன் பொள்ளாச்சியில் வேலை பார்ப்பதால் ஒருமுறை அங்கே தனியார் டாக்டரிடம் கூட்டிப் போனான். அவர் புது மாத்திரை எழுதினார். டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை அது. அட்டை வேறு, நிறம் வேறு, பெயரும் வேறு. "இது பழைய பிரஷருக்கு, அது புதுசா வந்த தலைசுத்தலுக்கு" என்று பெரியம்மா இரண்டையும் தினமும் விழுங்கினார். சில வாரங்களில் கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அதற்கு மூன்றாவது ஓர் இடத்துக்குப் போனார்கள். அங்கே நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி நான்கு தடவை எழுந்து பாத்ரூமுக்கு நடந்தவர், ஒரு நாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

இதில் எந்த டாக்டரும் தவறான மருந்து எழுதவில்லை. அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்கும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். இவர் இரண்டு அட்டை சாப்பிடுகிறார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து சேர்ப்பது உலகம் முழுக்க நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களிடம் இதே வகைப் பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இந்த வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் நீர் மாத்திரையும் வந்து சேர்வது மற்றவர்களைவிட அதிகம் என்று அது காட்டியது. ஒரே மாகாணம், ஒரே அரசுக் காப்பீடு உள்ள இடத்திலேயே இப்படி என்றால், இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வாழும் நம் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதால் என்ன நன்மை என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2018-இல் வந்தது. அவற்றில் 18 ஆய்வுகள், ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்த்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததைக் கண்டன. நோய் அதிகமானவர்கள் டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் இதில் எது காரணம், எது விளைவு என்று முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை ஆய்வுகள் ஒரே பக்கம் காட்டுவதை ஒதுக்கிவிட முடியாது.

இனி நம் முன்னால் இருக்கும் வழிகளுக்கு வருவோம்.

ஊரில் இருக்கும் குடும்ப ஆரோக்கிய மையம்

அரசு ஆஸ்பத்திரிகளை மேம்படுத்த கேரளம் 2017-இல் ஆர்த்ரம் மிஷனைத் தொடங்கியபோது பழைய ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்ற ஆரம்பித்தது. மத்தியானத்தோடு மூடிவிடும் ஓ.பி., மாலை 6 மணி வரை நடக்க வேண்டும். டாக்டரும் நர்ஸும் கூடுதலாக இருக்க வேண்டும். லேப் இருக்க வேண்டும். மூச்சிரைப்புக்காரர்களுக்கு ஸ்வாஸ், மனச்சோர்வுக்கு ஆஸ்வாசம் என்று தனிக் கிளினிக்குகள் வந்தன. சுகர், பிரஷர் நோயாளிகளுக்கென்று தனி நாள் உண்டு. அந்த நாளில் போனால் எடை, பிரஷர், ரத்தச் சர்க்கரை பார்த்து, மாத மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் 'ஷைலி' செயலியில் பதிவு செய்ததும் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்ததுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று வெளியே தெரிவதில்லை. 1990-களின் நடுவில் அதிகாரப் பரவலாக்கம் வந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பு கிராம பஞ்சாயத்தின் கைக்கு வந்தது. நிர்வாகக் குழுவில் பஞ்சாயத்துத் தலைவரும் உறுப்பினர்களும் உட்காருகிறார்கள். மருந்து வரவில்லை, லேபில் ஆள் இல்லை என்றால் திருவனந்தபுரத்துக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சபையில் எழுந்து கேட்கலாம். பஞ்சாயத்து தன் திட்ட நிதியிலிருந்து மருந்து வாங்கவும் முடியும். தமிழ்நாட்டில் நிர்வாகம் மேலிருந்து கீழே வரும் ஒழுங்கு கொண்டது. அதற்கென்று தனி பலம் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு சாதாரண ஆள் கேள்வி கேட்க இடம் இருப்பது இந்தப் பக்கத்தில்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் கூட்டம் வந்தால் சுகர்காரர்களுக்கு டாக்டர் இரண்டு நிமிடம் கொடுத்தால் அதிகம். சில மாதங்களில் ஏதாவது ஒரு மாத்திரை தீர்ந்து, வெளியே வாங்கச் சொல்வார்கள். நம் வயதானவர்களுக்கு மலையாளம் காதால் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. சீட்டில் இருப்பதை வாசிக்க முடியாமல் மாத்திரையின் நிறத்தை வைத்தே கணக்கு வைக்கிறார்கள். மேலே சொன்ன பெரியம்மா அப்படித்தான். இதற்குத் தீர்வு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் பேசும் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. காலை, மதியம், இரவு என்று தமிழில் அச்சிட்ட ஒரு மருந்துக் கவரைக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடுவது பெரிய காரியமல்ல. செலவும் சில ஆயிரம்தான் ஆகும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

தமிழ்நாட்டின் பலம் மருந்தில் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்தை மொத்தமாக, மூலப்பெயரில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம். அதில் உள்ள தொகைக்குத் தனக்கு வேண்டிய மருந்தை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். மற்ற மாநிலங்கள் பல இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டன. கேரளம் 2007-இல் தன் மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்ததும் இந்த முறையை வைத்துத்தான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதற்கு அடுத்த படி. தன்னார்வலப் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துப் போவார். நடக்க முடியாதவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். இது எவ்வளவு தேவை என்பதைத் தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கு காட்டியது. பிரஷர் உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. சுகரில் நூற்றுக்கு 11 பேர். அடுத்த சுற்றில் இரண்டும் ஏறக்குறைய 17 ஆனது. ஐ.நா. அமைப்பு 2024-இல் இத்திட்டத்துக்கு விருது கொடுத்தது. கேரளத்திலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. 2019-இல் வெளியான மாநில அளவிலான ஆய்வில் பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான். இரண்டு பக்கமும் மாத்திரை கிடைக்கிறது, நோய் அடங்கவில்லை. இடம் மாறி மாறிப் போவதும் நடுவில் விட்டுவிடுவதும் இதற்குச் சேர்ந்த காரணங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு இதில் சிக்கல் என்னவென்றால், அந்தத் தன்னார்வலர் கோபாலபுரம் எல்லையைத் தாண்டி வரமாட்டார். பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரி நம்மைத் திருப்பி அனுப்பாது, ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரையும் வாங்கலாம். ஆனால் நாம் அங்கே விருந்தாளிகள். ஒரு மாதம் போகாவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்க ஆள் கிடையாது. தமிழ்நாட்டின் ஏற்பாட்டில் சிறந்த பகுதி வீட்டு வாசலுக்கு வரும் பகுதிதான். அதுதான் நமக்குக் கிடைப்பதில்லை. இதையே திருப்பிப் போட்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் பாலக்காட்டுக்கு ஓடி வருவதும் அதே இழப்புதான்.

கோயம்புத்தூர் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன, அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். மாதாமாதம் சுகர் மாத்திரைக்காக அங்கே போவது காசைக் கரைக்கும் வழி. இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்குக் கைக்காசாகச் செலவழிப்பதில் பெரும்பகுதி ஓ.பி. சிகிச்சைக்கும் மருந்துக்கும்தான் போகிறது. படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு மட்டும் கைகொடுக்கும் காப்பீட்டு அட்டை இதைத் தொடுவதில்லை. அரசு ஆஸ்பத்திரிகள் இத்தனை நன்றாக இருக்கும் கேரளத்தில்தான் தலைக்கு ஆகும் கைச்செலவு பெரிய மாநிலங்களில் மிக உயர்ந்த வரிசையில் நிற்கிறது.

ஆகவே சுகர், பிரஷர், தைராய்டு, மூச்சிரைப்பு போன்ற நெடுநாள் நோய்க்கு என் தேர்வு: வீட்டு விலாசம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஊர் மையம். கட்டிடம் சின்னதாக இருக்கலாம், டாக்டர் மாறலாம். ஆனால் நர்ஸும் ஆஷா பணியாளரும் பதிவேடும் அங்கேயே இருக்கின்றன. கண், கால், சிறுநீரகம் பார்க்க வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை நிபுணரிடம் போகலாம். அது பொள்ளாச்சியாக இருந்தாலும் கோவையாக இருந்தாலும் சரி. போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் கொட்டுங்கள். அவர் எழுதுவதை ஊர் மையத்தில் காட்டி, எதை நிறுத்த வேண்டும் என்று கேட்ட பிறகே புது மாத்திரையைத் தொடங்குங்கள். மாத்திரைப் பெயரைக் குறிக்கும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். பெரியம்மாவின் இரண்டு அட்டைகளிலும் அம்லோடிபின் என்று சின்ன எழுத்தில் இருக்கத்தான் செய்தது.

ஆபரேஷன் என்று வந்தால்

இங்கே கணக்கு மாறுகிறது. இதயத்தில் ஸ்டென்ட், புற்றுநோய்ச் சிகிச்சை, மூட்டு மாற்றம் என்றால் காப்பீட்டு அட்டைதான் வழி சொல்லும். கேரளத்தில் 2019-இல் வந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியில் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதில் சேராத, வருட வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் என்ற உதவி நிதி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வருடம் 5 லட்சம் வரைதான்; ஆனால் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும், வருட வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்ற சான்றும் வேண்டும்.

பலர் ஏமாறுவது இதில்தான். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு வந்த பிறகு அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்பதால், காப்பீடும் அப்படியே வரும் என்று நம்பி கோவைக்குப் போய்விடுகிறார்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலில் நேரடியாக இடம்பெற்ற குடும்பத்துக்கு, வெளிமாநிலத்தில் அத்திட்டத்தோடு இணைந்த ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெற வழி இருக்கிறது. மாநிலம் தன் சொந்தப் பணத்தில் சேர்த்த குடும்பத்துக்கும் அது அப்படியே கிடைக்கும் என்று எண்ணிப் புறப்பட்டுவிடக் கூடாது. அட்மிஷன் போடுவதற்கு முன்பே ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555-ஐ அழைத்து, அட்டை எண்ணைச் சொல்லி, அந்த ஆஸ்பத்திரி, அந்தச் சிகிச்சை இரண்டும் அடங்குமா என்று கேட்டுவிட வேண்டும். கேரளத்தில் 1056 திசா உதவி எண்ணிலும் கேட்கலாம். முன்பணம் கட்டிவிட்ட பிறகு அட்டையை எடுத்து நீட்டினால் அந்தப் பணம் திரும்புவது பெரும்பாடு. எங்கள் உறவில் ஒருவர் நகையை அடகு வைத்துக் கட்டிய முன்பணத்துக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அதே ஆபரேஷன் திருச்சூர் மெடிக்கல் காலேஜில் அவருடைய அட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு, அட்டை செல்லும் மாநிலமே என் தேர்வு. திருச்சூர் தூரம்தான், கூட இருப்பவருக்கு அலைச்சல்தான். அந்த அலைச்சலின் செலவைக் கணக்கில் எழுதிப் பார்த்தால் கடன் வாங்கிய தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

தலைப்பிரசவம்

நம் குடும்பங்களில் எல்லையை அதிகம் தாண்டுவது மருமகள்கள்தான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் இங்கே வாழ வருகிறாள், இங்கத்துப் பெண் கிணத்துக்கடவுக்குப் போகிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு. மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்துவந்த நர்ஸும் டாக்டரும் ஒரு மாநிலத்தில். பிரசவம் வேறு மாநிலத்தில். பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் பிரஷர் ஏறும், ரத்தசோகை வெளியே தெரியும், குழந்தையின் வளர்ச்சி குறைவது தெரியும். சரியாக அந்த நேரத்தில் கணக்குப் புத்தகம் கைமாறுகிறது.

2018-20 கணக்கில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, நாட்டில் 97. இதைப் பார்த்துவிட்டு கேரளத்தில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்ட முடியாது. மாநில சராசரி, பாலக்காட்டின் கிழக்கு மூலைக்கு அப்படியே பொருந்தாது. சிசேரியன் கணக்கையும் பார்க்க வேண்டும்: ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45, கேரளத்தில் 39, தமிழ்நாட்டின் தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 64. நான் பார்க்கும் அளவுகோல் வேறு: இரவு இரண்டு மணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் மகப்பேறு டாக்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் இருக்கும் இடம் எது? பாலக்காட்டில் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரி; அந்தப் பக்கம் பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரி. தாய்வீட்டிலிருந்து இவற்றில் எது பக்கமோ அங்கே ஏழாம் மாதத்திலேயே ஒருமுறை நேரில் போய்ப் பதிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

பணத்தைப் பொறுத்தவரை, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியனாக இருந்தாலும், இலவசம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் நாடு முழுவதுக்குமானது. உதவித்தொகை வேறு கதை. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளது. தவணை தவணையாக வருவது. ஆகவே புகுந்த வீடு தமிழ்நாடு என்றால், தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, எந்தத் தவணைக்கு எந்தச் சான்று வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண்ணைக் கேட்பார்கள். கேரளத்திலிருந்து போகிற பெண் அங்கே இறங்கியதும் முதல் வேலையாகப் பதிந்துகொள்ள வேண்டும். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பிறப்பைப் பதிய முடியும், 21 நாளுக்குள். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பள்ளியில் சேர்க்கும் வயதில் அலைந்ததை நம் ஊரில் பலரும் பார்த்திருக்கிறோம்.

எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு. ரத்தசோகை, பிரஷர், முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை இதில் ஏதாவது இருந்தால், பிரசவம் முடியும்வரை ஆரம்பத்திலிருந்து பார்த்த இடத்தைவிட்டு மாறவே கூடாது. தாய் வந்து மகளோடு இருக்கட்டும். வழக்கம் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அவசரம்

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் விழுவது, விபத்து. இதற்கு விலாசமும் அட்டையும் பார்க்கக் கூடாது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆகவே ஸ்கேன் எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போக வேண்டும். 108-ஐ அழைத்தால் மாநிலம், பஞ்சாயத்து, பக்கத்து ஜங்ஷன் என்ற வரிசையில் சொல்லுங்கள். நம் ஊர்களில் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டால், 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. பொள்ளாச்சி ரோட்டில் தினமும் வண்டி ஓட்டும் நம் பையன்களின் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

படுத்த படுக்கையானவர்களுக்கு

இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. கேரளம்தான்.

கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலிநிவாரணக் கிளினிக், பிறகு ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் கையில் வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. ஒவ்வொரு பஞ்சாயத்தும் வீட்டுப் பராமரிப்புக்குத் திட்டம் போட்டு, நர்ஸை அமர்த்தி, வண்டிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது நடைமுறையானது. அந்த நர்ஸ் வந்து படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்வார், சிறுநீர்க் குழாயை மாற்றுவார், வீட்டுப் பெண்களுக்கு எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று செய்து காட்டுவார். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கும் வழியையும் அவரே சொல்வார். தமிழ்நாட்டிலும் மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தப் பராமரிப்பு சேர்ந்திருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. ஆனால் ஊரே சேர்ந்து தூக்கும் பழக்கம் இங்கே முப்பது வருடத்து வேர் கொண்டது.

அப்பா படுத்துவிட்டார் என்றதும் கோவையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்கள் வாடகை வீட்டுக்குத் தூக்கிப்போவதைப் பார்க்கிறேன். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது மாடியில், பேச்சுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அறையில், குழாய் மாற்ற ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸ் வைத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஏற்றுகிறார்கள். ஊரிலேயே வைத்திருந்தால் நர்ஸ் திண்ணைக்கு வந்திருப்பார். பிள்ளைகள் முறைவைத்து சனி ஞாயிறு வந்து போவது, ஒரு அக்காவுக்கோ அத்தைக்கோ மாதம் ஒரு தொகை கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வது இரண்டும் அதைவிட மேல்.

டயாலிசிஸும் ஏறக்குறைய இதே கணக்குதான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், வருடக்கணக்கில். பெரிய ஆஸ்பத்திரியைவிடப் பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரியில் இடம் கிடைப்பது பல மடங்கு மேல். காத்திருப்போர் பட்டியலில் முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டு, இடம் வரும்வரை மட்டும் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை மூடினால்

2020 மார்ச்சில் கோவிட் பரவி கர்நாடகம் தன் எல்லையை மூடியபோது, மங்களூரை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகளில் சிலர் சிகிச்சை கிடைக்காமல் உயிர்விட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் வாளையாறு எல்லைச் சாவடியில் பாஸ் இல்லாமல் ஜனங்கள் வெயிலில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்றைக்கு நம் ஊரில், பொள்ளாச்சியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் தவித்தார்கள். ஊர் மையத்தில் பெயர் இருந்தவர்களுக்கு ஆஷா பணியாளர் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு அரசுகளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சித்தூர், பொள்ளாச்சி இரண்டு தாலுகாக்களின் சுகாதார அதிகாரிகள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, எல்லை தாண்டிய கர்ப்பிணிகள், காசநோயாளிகள், டயாலிசிஸ் நோயாளிகள் பெயர்ப் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளலாம். மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும் 14 இலக்க ஆபா எண் நாடு முழுவதுக்கும் ஒன்றுதான்; இரு பக்க ஓ.பி. சீட்டிலும் அந்த எண் ஏறினால் போதும், பெரியம்மாவின் இரண்டு அட்டைகளும் ஒரே திரையில் தெரிய வழி பிறக்கும். அதுவரை அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அடுத்த கிராம சபையில் கேட்பதற்கு மூன்று கேள்விகளை நான் எழுதி வைத்திருக்கிறேன்: தமிழில் மருந்துக் கவர் எப்போது வரும், மருந்து தீர்ந்தால் பஞ்சாயத்து நிதியில் வாங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், நம் வார்டில் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ் யார் யார் வீட்டுக்குப் போகிறார். உங்கள் வார்டிலும் யாராவது எழுந்து இதைக் கேளுங்கள்.